ஒரே கார், வேறு வேறு கால்கள்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடா நாடுகளில் ஃபார்முலா ரீஜனல் மிடில் ஈஸ்ட் என்ற கார் பந்தயத் தொடர் நடந்தது. பட்டம் வென்றவர் ஆந்திரேயா கிமி அன்டொனெல்லி என்ற இத்தாலியர். அப்போது வயது பதினாறு. அவருடைய அணியின் பெயர் மும்பை ஃபால்கன்ஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து, லூயிஸ் ஹாமில்டன் விட்டுப்போன மெர்சிடிஸ் இருக்கையில் அவர் ஃபார்முலா 1 ஓட்டுநராக உட்கார்ந்தார். ஐபிஎல்லில் மும்பை தோற்றால் மாட்டுங்காவிலிருந்து தாணே வரை லோக்கல் ரயில் முழுக்க அதே பேச்சாக இருக்கும். மும்பை பெயரைத் தாங்கிய ஓர் அணியில் வருங்கால ஃபார்முலா 1 ஓட்டுநர் ஒருவர் பட்டம் வென்ற செய்தியை எங்கள் பெட்டியில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

செய்தியை விடுங்கள். அதற்குள் இருக்கும் அறிவியல் கேள்வி இன்னும் சுவையானது. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பையனோ பெண்ணோ நன்றாகக் கார் ஓட்டுகிறார் என்பதை எப்படி அளப்பது? ஓட்டப்பந்தய வீரரை அளக்க ஒரு கடிகாரம் போதும். கார் பந்தயத்தில் கடிகாரம் காட்டுவது இரண்டு பொருள்களின் கூட்டுத்தொகையை: மனிதர் பாதி, இயந்திரம் பாதி. ஃபார்முலா 1இல் எந்தப் பாதி பெரியது என்று ரசிகர்கள் ஆயுள் முழுக்கச் சண்டை போடலாம், முடிவு வராது. ஒவ்வோர் அணிக்கும் கார் வேறு என்பதால் இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை.

இதே சிக்கல் வேறோர் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷருக்கு முன்னால் இருந்த கேள்வி இது: ஒரு வயலில் விளைச்சல் கூடினால் அது விதையின் தரமா, மண்ணின் தரமா? அவர் கண்ட விடையில் மூன்று அம்சங்கள் உண்டு. ஒரே மாதிரியான மண்துண்டுகளுக்குள் ஒப்பிடு. எந்த விதை எந்தத் துண்டுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். ஒரு முறை பார்த்து நம்பாதே, திரும்பத் திரும்பச் செய். ஜூனியர் ஒற்றை இருக்கை கார் பந்தயத் தொடர் என்பது, அதை நடத்துபவர்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஃபிஷரின் வயல்தான். மண் என்பது கார், விதை என்பது ஓட்டுநர். அந்த வயல் எவ்வளவு சுத்தமானது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் மண்ணைச் சமப்படுத்துவது. 2014இல் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏ, முன்னாள் ஃபார்முலா 1 வீரர் கெர்ஹார்ட் பெர்கரின் முயற்சியில், ஃபார்முலா 4 என்ற படியை உருவாக்கியது. கோ-கார்ட் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் பதினைந்து வயதில் ஏறும் முதல் உண்மையான பந்தயக் கார் இது. ஒரு நாட்டுத் தொடரில் எல்லோருக்கும் ஒரே சேஸிஸ், ஒரே எஞ்ஜின், ஒரே டயர். எஞ்ஜினைத் திறந்து கைவைக்க முடியாதபடி சீல் இருக்கும். இந்தியாவின் எஃப்4 தொடர் 2023இல் முதல் பருவத்தை நடத்தியது. கார், பிரான்ஸின் மிகால் நிறுவனம் செய்த எம்21. எஞ்ஜின், அல்பீன் தயாரித்த 1.3 லிட்டர் டர்போ, சுமார் 180 குதிரைத்திறன். நம் ஊர் எஸ்யூவிகளில்கூட இந்தச் சக்தி உண்டு. ஆனால் எஸ்யூவியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். இதுவோ ஓட்டுநரையும் சேர்த்து அதில் பாதிகூட வராது.

ஒரே மாதிரி கார்களை வரிசையாக நிறுத்திப் பிள்ளைகளைப் பொறுக்குவது இந்தியாவுக்குப் புதிதில்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்பவர் மாருதி 800இன் 796 சிசி எஞ்ஜினை எடுத்துப் பின்பக்கம் பொருத்தி, சிறிய ஒற்றை இருக்கை கார்களைத் தானே கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். சந்தையில் கிடைக்கும் எஞ்ஜின், உள்ளூர்ப் பட்டறையில் செய்த உடல். வெளிநாட்டுக் கார் வாங்கப் பணமில்லாதவரும் பந்தயத்தில் நிற்கலாம் என்பது கணக்கு. அந்தக் கார்களில் ஒன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத்தில் ஓடத் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1. கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவைச் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றை எழுதுபவர்கள் முதலில் நிறுத்த வேண்டிய சிலை நரேனுக்கு அல்ல, இவருக்கு என்பது என் கட்சி.

இந்தியாவின் எஃப்4 தொடர் 2024இல் தன் இரண்டாவது பருவத்தைக் கண்டது. ஆகஸ்டில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தொடங்கி, சென்னையின் தெருக்களில் ஓடி, நவம்பரில் கோவையின் கரி தடத்தில் முடிந்தது. பட்டம் ஹைதராபாத் பிளாக்பேர்ட்ஸ் அணியில் ஓடிய தென்னாப்பிரிக்கர் அகில் அலிபாய்க்கு. பெங்களூரின் ருஹான் ஆல்வா இரண்டாவது. முந்தைய ஆண்டு வென்றவரும் வெளிநாட்டவர், ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர். பெயர்களை இப்போதைக்கு இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, ஒரே கார் என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலும் பிரேக்கிலிருந்து. நேர்சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்க யாராலும் முடியும். ஒரே எஞ்ஜின் என்பதால் அங்கே எல்லோரும் ஏறக்குறைய சமம். நேர்சாலை முடியும் இடத்தில்தான் பரீட்சை. எளிய கணக்கு ஒன்று போடலாம். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 650 கிலோ, வேகம் மணிக்கு 180 கி.மீ., அதாவது நொடிக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல்: சுமார் 8,12,000 ஜூல். வளைவுக்குள் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் நுழைய வேண்டுமென்றால் மிஞ்சலாம் என்று அனுமதிக்கப்பட்டது 1,30,000 ஜூல்தான். இடையில் உள்ள சுமார் 6,80,000 ஜூலும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறியாக வேண்டும். தேநீருக்கு வைத்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. அடுப்புக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். இங்கே இரண்டு நொடி.

இரண்டு நொடி என்பதும் சும்மா சொன்னதில்லை. வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் ஒன்றரை மடங்கு என்று கொண்டால் நொடிக்கு 15 மீட்டர் வீதம் வேகம் சரியும். 50இலிருந்து 20க்கு வர இரண்டு நொடி, அதற்குள் கார் 70 மீட்டர் ஓடியிருக்கும். திறமையான ஓட்டுநர் பிரேக் மிதிக்கும் இடத்துக்கும் சுமாரான ஓட்டுநர் மிதிக்கும் இடத்துக்கும் இடைவெளி ஐந்து மீட்டர் இருக்கலாம். அந்த வேகத்தில் ஐந்து மீட்டர் என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. மனிதர் ஒரு விளக்கைக் கண்டு கையை அசைக்க எடுக்கும் நேரத்தில் இது பாதி. ஆகவே, யாரும் இடத்தைக் கண்டு மிதிப்பதில்லை. வரப்போகும் இடத்தை முன்கூட்டியே உடம்பில் வைத்துக்கொண்டு மிதிக்கிறார்கள்.

எங்கே மிதிப்பது என்பதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். எப்படி விடுவது என்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். இந்தக் கார்களில் ஏபிஎஸ் கிடையாது. நம் காரில் காலின் அழுத்தத்தைப் பெருக்கித்தரும் பூஸ்டர் உண்டே, அதுவும் கிடையாது. வேகம் அதிகமாக இருக்கும் முதல் கணத்தில் காற்று காரைத் தரையோடு அமுக்குகிறது. டயருக்குப் பிடிமானம் அதிகம். அப்போது முழு பலத்தோடு உதைக்கலாம். வேகம் இறங்க இறங்க அந்த அமுக்கம் குறையும், பிடிமானமும் குறையும். முதல் கணத்தில் சரியாக இருந்த அதே அழுத்தம் ஒரு நொடி கழித்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். பூட்டிய சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு போகும். தேய்கிற ரப்பரின் பிடிமானம் உருள்கிற ரப்பரைவிடக் குறைவு. போதாததற்கு டயரில் ஒரு பக்கம் தட்டையாகி, அதன்பின் பந்தயம் முழுக்கக் கார் அதிரும். எனவே கால், உதைத்த மறுகணமே, விசை குறைகிற அதே வீதத்தில் பெடலை விட்டுக்கொண்டே வர வேண்டும். மூளை கணக்குப் போட்டுச் சொல்ல நேரமில்லை. இருக்கை வழியாக இடுப்புக்கு வரும் அதிர்வும் காதுக்கு வரும் ஒலியும் பாதத்துக்கு நேராகப் போவதுபோல் ஆக வேண்டும். இந்தத் தொடர்களில் ஓட்டுநர்களை மதிப்பிடும் பொறியாளர்கள் கம்ப்யூட்டர் திரையில் கூர்ந்து பார்ப்பது பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோட்டின் பின்பாதிச் சரிவை. ஸ்டியரிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாதை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்துசேர்ந்த ஊர் எங்கள் தாணே. 34 கி.மீ. தூரம், ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். அந்த ரயிலின் எஞ்ஜின் ஓட்டுநருக்கு வளைவில் எப்படித் திரும்புவது என்ற கவலை இல்லை. தண்டவாளம் போட்டவர்கள் அதை முடிவு செய்துவிட்டார்கள். பந்தயக் கார் ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றிலும் தன் தண்டவாளத்தைத் தானே போட வேண்டும். வளைவின் ஆரம் 30 மீட்டர், டயரின் உராய்வு எண் 1.4 என்றால், தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 73 கி.மீ. சாலையின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு விரிந்தால், அதே வளைவில் ஓட்டுநர் வரையும் வட்டத்தின் ஆரம் 36 மீட்டராக மாறக்கூடும். வேகம் 80 கி.மீ. ஆகிவிடும். சாலை அகலமாகவில்லை, எஞ்ஜினும் மாறவில்லை. வடிவியல் மட்டும் ஏழு கி.மீ. தந்தது. வளைவு முடிந்து நேர்சாலை முழுக்க அந்த ஏழு கி.மீ. வட்டி போடும்.

இத்தோடு டயரின் பெரிய ரகசியத்தையும் சேர்க்க வேண்டும். பள்ளியில் படித்த உராய்வு விதி ரப்பருக்குச் சரிவரப் பொருந்தாது. சுமை இரண்டு மடங்கானால் ரப்பரின் பிடிமானம் இரண்டு மடங்கு ஆவதில்லை, கொஞ்சம் குறைவாகவே ஏறும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பும் ஓட்டுநர் காரின் சுமையை ஒரு பக்கச் சக்கரங்கள்மேல் கொட்டுகிறார். அந்தப் பக்கம் கிடைத்த லாபம் மறுபக்கம் போன நட்டத்தை ஈடுகட்டாது. கார் மொத்தமாகப் பிடிமானத்தை இழக்கிறது. தொலைக்காட்சியில் வீரமாகத் தெரியும் ஓட்டுநர் பெரும்பாலும் மெதுவான ஓட்டுநர் என்பதற்கு இயற்பியல் காரணம் இதுதான்.

டயரின் பிடிமானம் பிரேக்குக்குத் தனியாக, திருப்பத்துக்குத் தனியாக என்று இரண்டு கணக்கில் வராது. ஒரே கணக்கு, செலவு இரண்டு. இரண்டும் செங்குத்துத் திசைகள் என்பதால் பித்தாகரஸ் தேற்றம் இங்கே வேலை செய்கிறது. மொத்தம் 1.4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 1.4 மடங்கு, இருக்கும் டயரில் 1 ஜியைப் பிரேக்குக்குச் செலவழித்தால், திருப்பத்துக்கு மிஞ்சுவது 0.4 என்று கழித்துப் போட்டால் தப்பு. 1.96இலிருந்து 1ஐக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.98. அதாவது பிரேக்கை முக்கால்வாசி மிதித்துக்கொண்டே, திருப்பத்துக்கும் முக்கால்வாசிப் பிடிமானம் கையில் இருக்கிறது. முதலில் பிரேக், அதை முடித்துவிட்டுத் திருப்பம் என்று ஒழுங்காகப் பிரித்து ஓட்டும் புதியவர், இந்த இனாமை வாங்காமலே போகிறார். அனுபவசாலி வளைவின் உள்முனை வரை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி திருப்புகிறார். டிரெய்ல் பிரேக்கிங் என்று பிட் லேனில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃப்4 காரின் இறக்கைகள் தலைகீழான விமான இறக்கைகள். காரைக் கீழே அமுக்குவது அவற்றின் வேலை. அமுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், காற்றின் அடர்த்திக்கு ஏற்பவும் கூடும். 15 டிகிரி வெப்பநிலையில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 35 டிகிரியில் அது 1.15 கிலோவுக்கும் கீழே வரும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் நீராவி மூலக்கூறு நைட்ரஜனைவிட இலேசானது. ஆகவே சென்னை மதியத்தில் ஓடும் காருக்கு, ஐரோப்பிய வசந்தகாலக் காலையில் ஓடும் அதே காரைவிட, காற்றின் அமுக்கமும் காற்றின் தடையும் ஏழு சதவீதம்போலக் குறைவு. வளைவில் வழுக்கும், நேர்சாலையில் பறக்கும். முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் தடை இன்னும் குறையும்; நேர்சாலையில் அதுதான் முந்துவதற்கான வழி. வளைவில் அதே கலங்கிய காற்று முன் இறக்கையின் அமுக்கத்தைப் பறித்துக்கொண்டு, திரும்பு என்று சொன்னாலும் திரும்பாத காரைக் கையில் கொடுக்கும்.

இத்தனையும் ஓர் உடம்பின் வழியாக நடக்கின்றன. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்றால், 2 ஜி வளைவில் கழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பது 13 கிலோ. ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு முறை. பவர் ஸ்டியரிங் இல்லாததால் தோளும் முன்கையும் அதே வேலையைச் செய்கின்றன. தீப்பிடிக்காத பல அடுக்கு உடைக்குள் வியர்வை ஊறுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பெண்களால் இது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் சென்னையிலேயே கிடைத்தது. எம்ஆர்எஃப் சேலஞ்ச் என்ற ஒற்றை இருக்கை தொடரில், எல்லோருக்கும் ஒரே டல்லாரா கார் என்ற நிலையில், 2018–19 பருவத்தின் பட்டத்தை பிரிட்டனின் ஜேமி சாட்விக் 2019 பிப்ரவரியில் இங்கே வென்றார். அதே தொடரில் முந்தைய பருவங்களில் ஓடியவர்களில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக்கும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையின் கிரிட்டில் (தொடக்க வரிசையில்) நின்ற பெயர்களைப் பட்டியலிட்டால், அந்த ஊர் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போகும் நமக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

மண்ணைச் சமப்படுத்தியாயிற்று, விதைகள் வேறுபடும் விதமும் தெரிந்தது. இனி அறுவடைக் கணக்கு. அங்கேதான் எனக்குச் சந்தேகங்கள் தொடங்குகின்றன.

பந்தயப் புள்ளிகள் வழக்கமாக வெற்றிக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 18. வித்தியாசம் ஏழு. இப்போது சமமான இரண்டு ஓட்டுநர்களை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வளைவில் வேறு யாரோ செய்த தவறால் ஒருவருடைய சக்கரம் உடைகிறது. அவருக்குச் சுழியம், மற்றவருக்கு 25. இந்த ஒரு நிகழ்ச்சியை ஈடுகட்ட, பாதிக்கப்பட்டவர் அடுத்த நான்கு பந்தயங்களில் வரிசையாக வென்று, மற்றவர் நான்கிலும் இரண்டாவதாக வர வேண்டும். ஒரு பருவத்தில் மொத்தமே பதினைந்தை ஒட்டிய பந்தயங்கள்தான் என்றால், நான்கு என்பது கால்வாசிக்கு மேல். ஃபிஷர் கேட்ட திரும்பத் திரும்பச் செய்தல் இங்கே போதாது. பல நாட்டு எஃப்4 தொடர்களில் வார இறுதியின் ஒரு பந்தயத்தை வரிசையைத் தலைகீழாக்கித் தொடங்குகிறார்கள். வேகமானவர்கள் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும். சீட்டுக் குலுக்கலுக்கு அது தூரத்துச் சொந்தம். முந்தும் திறமையைக் காட்டும் என்பது உண்மை. கூட்டத்தில் மோதல் கூடும், அதிர்ஷ்டத்தின் பங்கும் கூடும் என்பதும் உண்மை. ஆகையால் ஒரு பருவத்தின் புள்ளிப் பட்டியலை நான் முழுசாக நம்புவதில்லை. தகுதிச்சுற்று நேரங்கள் இன்னும் நேர்மையானவை. அங்கே ஓட்டுநருக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் ஆள் குறைவு.

மண் உண்மையிலேயே சமமா என்பதிலும் ஓட்டை இருக்கிறது. எஃப்ஐஏ ஃபார்முலா 3 இன்றைய வடிவில் தொடங்கிய 2019ஆம் ஆண்டில் எல்லா அணிகளுக்கும் ஒரே டல்லாரா கார்தான். பருவ முடிவில் முதல் மூன்று இடங்களில் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன், மார்கஸ் ஆம்ஸ்ட்ராங், நம் மும்பையின் ஜெஹான் தாருவாலா. மூவரும் ஒரே அணி, இத்தாலியின் பிரேமா. முதல் மூன்று திறமைசாலிகளும் தற்செயலாக ஒரே கூடாரத்தில் கூடினார்கள் என்று நம்பலாம். இல்லையென்றால், ஸ்பிரிங், டயர் அழுத்தம், இறக்கையின் கோணம் போன்ற விதி அனுமதிக்கும் சின்னச் சின்ன மாற்றங்களில் அந்த அணியின் பொறியாளர்கள் மற்றவர்களை மிஞ்சினார்கள் என்று நம்பலாம். பாதி அது, பாதி இது என்பது என் ஊகம். நல்ல அணி நல்ல ஓட்டுநரைத் தேடிப் பிடிக்கிறது, நல்ல ஓட்டுநர் பணம் கொண்டுவருகிறார், பணம் நல்ல பொறியாளரைக் கொண்டுவருகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாத வட்டம்.

தடம் மாறினால் அளவுகோலும் மாறும். சென்னைத் தெருப் பந்தயம் முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றதால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் தீவுத்திடலைச் சுற்றி விளக்கொளியில் நடந்தது. 3.5 கி.மீ., 19 வளைவுகள். நிரந்தரத் தடத்தில் பிரேக்கை ஐந்து மீட்டர் தாமதித்தால் கார் ஓரத்துக் காலி இடத்தில் ஓடித் திரும்பிவரும். நட்டம் அரை நொடி. தெருவில் அங்கே கான்கிரீட் சுவர் இருக்கும், நட்டம் கார். எனவே தெருத்தடம் அளப்பது உச்ச வேகத்தை அல்ல, உச்சத்துக்கு எத்தனை அங்குலம் முன்னால் ஒருவர் நிற்கத் தெரிந்திருக்கிறார் என்பதை. தவிர, சாலை என்பது பந்தயத்துக்காகப் போட்டதில்லை. வெள்ளைக் கோடு ஈரத்தில் வழுக்கும், மழைநீர் வடிய சாலை நடுவில் மேடாக இருக்கும், சாக்கடை மூடிகளை இறுக்கிப் பூட்ட வேண்டும். 2023இல் லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 பயிற்சியில் தளர்ந்த ஒரு மூடி கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியின் அடிப்பாகத்தைப் பிய்த்தது. பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றது. நம் ஊர்க் கவலை வேறு: 2011இல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரியின் முதல் பயிற்சியை நிறுத்தியது ஒரு நாய்.

2025இல் நவி மும்பையில் பாம் பீச் சாலையைச் சேர்த்துத் தெருப் பந்தயம் நடத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தாணே கழிமுகத்தின் கீழ்ப்பகுதியை ஒட்டி ஓடும் அந்தச் சாலையில் இரவில் பைக்கோடும் காரோடும் வித்தை காட்டும் இளைஞர்கள் ஏற்கெனவே நிறைய. அவர்களுக்கும் எஃப்4 ஓட்டுநருக்கும் தைரியத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் கருவி, தலைக்கு மேல் ஹாலோ என்ற வளையம், நொறுங்குவதற்கென்றே வடிவமைத்த முன்மூக்கு, அரை நிமிடத்தில் ஓடிவரும் மருத்துவர் ஆகியவைதான் வித்தியாசம். இவை இருந்தும் ஆபத்து போய்விடவில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்தவனுக்கு வயது பதின்மூன்று. எந்த வயதில் பிள்ளைகளை அளக்கத் தொடங்கலாம் என்ற கேள்விக்குப் புள்ளியியலில் விடை கிடையாது.

ஃபிஷரின் வயலில் எல்லா விதைக்கும் இடம் உண்டு. இந்த வயலில் யார் இறங்கலாம் என்பதைப் பணம் முன்கூட்டியே முடிவு செய்கிறது. ஐரோப்பாவில் ஒரு எஃப்4 பருவத்துக்குச் சில லட்சம் யூரோக்கள் தேவை. தாராவியில் பதினாறு வயதில் டெம்போ ஓட்டக் கற்றுக்கொண்டு, நெரிசலுக்குள் கண்ணாடி உரசாமல் பின்னோக்கி எடுக்கும் ஒருவருக்கு நான் மேலே எழுதிய பாதம் இருக்கலாம். பரிசோதனைக்கூடத்தின் வாசலுக்கே அவர் வரமாட்டார். பத்துப் பதினைந்து கார்கள் நிற்கும் கிரிட்டில் முதலாவதாக வந்தவர் நாட்டிலேயே சிறந்தவர் என்று சொல்ல, கிரிட்டுக்கு வராதவர்களைப் பற்றியும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கரிவரதனின் மாருதி எஞ்ஜின் இந்தக் குறையைத்தான் ஓரளவாவது குறைத்தது. இன்றைய பிரெஞ்சுக் கார் அவருடையதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது, துல்லியமானது. அதனாலேயே கட்டணமும் கூடிற்று.

வாசலைத் தாண்டியவர்களுக்கும் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. ஃபார்முலா 1 ஓட்ட எஃப்ஐஏயின் சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர வேண்டும். ஒரு எஃப்4 பட்டத்துக்கு 12. தாருவாலா 2011இல் ஃபோர்ஸ் இந்தியா என்ற ஃபார்முலா 1 அணி நாடு முழுக்க நடத்திய தேடலில் தேர்வான மூவரில் ஒருவர். தந்தை தொழிலதிபர்; பயிற்சி கொடுத்தவர் கோ-கார்ட்டில் தேசியப் பட்டங்கள் வென்ற ரேயோமண்ட் பனாஜி. படிப்படியாக ஏறி, ரெட் புல்லின் இளையோர் அணியில் இடம் பிடித்து, 2020 டிசம்பர் 6 அன்று பஹ்ரைனின் சாகிர் தடத்தில் ஃபார்முலா 2 பந்தயம் ஒன்றை வென்றார். ஃபார்முலா 2 பந்தயம் வென்ற முதல் இந்தியர். அதே நாளில் அதே மாதிரி காரில் அவரோடு முன்னிலைக்குப் போட்டியிட்ட மிக் ஷூமாக்கர் அந்தப் பருவத்தின் சாம்பியனாகி, அடுத்த ஆண்டு ஹாஸ் அணியில் ஃபார்முலா 1 ஓட்டினார். இரண்டு பருவங்களில் இடம் போயிற்று. தாருவாலா மேலும் இரண்டு பருவங்கள் ஃபார்முலா 2இல் ஓடினார். அப்போது ஃபார்முலா 1இல் இருக்கைகள் மொத்தம் இருபது. அவருக்கு ஒன்று காலியாகவில்லை. 2024 ஜனவரியில் மெக்சிகோ நகரில் மசராட்டி அணிக்காக மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ தொடரில் இறங்கினார். அங்கே பிரேக்கின் வெப்பத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக பேட்டரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை ஜூல் திரும்பியது என்பதும் ஓட்டுநரின் கணக்கில் சேரும்.